காத்தாடிக்குக் கிழக்கே ஒரு வீடு

ராமாமணியின் வீட்டை விலைக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் முதலில் மேற்கே அண்ணாந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வந்த வழியே போனார்கள்.

மேற்கே காத்தாடி நின்றது, காற்றில் கரண்டு எடுக்கிற காற்றாலை. பல்லடத்துக்குத் தெற்கே மேட்டுநிலம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அந்த வருஷங்களில் காத்தாடி முளைத்தது. கோயமுத்தூர் மில் முதலாளிகளுக்கு வரியில் கழித்துக்கொள்ள அது தோதான வழி என்று பேசிக்கொண்டார்கள். ராமாமணியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக்காடு அவள் கொழுந்தன் தம்பிதுரையின் பங்கு. சோளத்தட்டுகூட முழங்கால் உயரத்துக்கு மேல் வராத சுக்கான்கல் பூமி. அதைக் கம்பெனிக்காரர்கள் கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். தம்பிதுரை சைக்கிளிலிருந்து புல்லட்டுக்கு மாறினான். ஊருக்குத் தார் ரோடு வந்தது. செல்லாண்டியம்மன் கோயிலுக்குக் கம்பெனி செலவில் சுற்றுச்சுவர் வந்தது. ராமாமணிக்குச் சத்தம் வந்தது.

வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கிவிடும். ஐப்பசி வரை இறக்கைகள் ஓயாது. பெரிய சல்லடையில் யாரோ மாவு சலித்துக்கொண்டே இருப்பது போல ஒரு சத்தம். அதற்கு அடியில் இரும்பு முனகுவது போல இன்னொன்று. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொழுது சாயும்போது இறக்கைகளின் நிழல் ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள் வந்து அடுப்பையும் சுவரையும் அவள் கையையும் வெட்டி வெட்டிப் போகும். குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்பதே அவளுக்கு மறந்துபோகும்.

அந்த டெரஸ் வீட்டை அவளும் அவள் புருஷனும் கட்டினார்கள். அவன் லாரி ஓட்டினான். அவள் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு வருஷம் சுவர், அடுத்த வருஷம் தளம் என்று எழும்பிய வீடு. கிரயப்பத்திரம் அவள் பேரில்தான் இருந்தது. புருஷன் இறந்துபோன பிறகு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மகள் லோகப்பிரியா பி.எஸ்ஸி. முடித்துப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வீட்டை விற்று அங்கே சின்னதாக ஒன்று வாங்கி மகளோடு இருந்துவிட வேண்டும். ராமாமணி கேட்டது அவ்வளவுதான்.

காத்தாடி வருவதற்கு முன்னால், உள்ளூர் வாத்தியார் ஒருவர் நல்ல விலை சொல்லி வீட்டைக் கேட்டார். அப்போது விற்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. இப்போது அவள் போய்க் கேட்டபோது, அவர் பாதி விலைகூடச் சொல்லவில்லை. "காத்தாடிக்கு அடியில ஆருங்க அம்மணி குடியிருப்பா?" என்று சிரித்தார். அவள் வீட்டில் ஒரு செங்கல் பெயரவில்லை. தளத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. யாரோ ஒருவன் காட்டில் எதையோ நட்டான், இவள் வீடு பாதியாகிவிட்டது. இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

ஒருவர் மட்டும் மேற்கே பார்க்கவில்லை. சோமனூர் நஞ்சுண்டன்.

அவர் மனைவி காளியாத்தாளோடு அம்பாசடர் காரில் வந்து இறங்கினார். நேராக வாசலுக்குப் போய் அடியெடுத்து வைத்து அளந்தார்.

"நெம்ப நல்லாருக்குது. இதுல எட்டுத் தறிக்குக் கொட்டாய் போட்டரலாம். பையனைத் தனியா வெச்சுப்போடலாம்னு பாக்கறனுங்க" என்று கத்தினார். அவர் பேசுவதே கூப்பாடு போடுவது போலத்தான் இருந்தது. தறிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் என்று ராமாமணி நினைத்துக்கொண்டாள்.

மறைத்து விற்பது அவளுக்குப் பிடிக்காது. "ஏனுங்க, காத்தாடிச் சத்தம் ஒண்ணு இருக்குதுங்க. முன்னாலயே சொல்லிப்போட்டேன்" என்றாள்.

"என்ன?"

"சத்தமுங்க! காத்தாடிச் சத்தம்!" என்று காளியாத்தாள் அவர் காதோரம் சொன்னாள்.

நஞ்சுண்டன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "இதெல்லாம் ஒரு சத்தமாக்கும்? எங்கூட்டுல பதினாறு தறி ஓடுது. கரண்டு போயித் தறி நின்னாத்தான் எனக்குத் தூக்கமே கலையுமுங்க!"

விலை படிந்தது. அவர் கொஞ்சம் ஏறினார், அவள் கொஞ்சம் இறங்கினாள். காத்தாடிக்கு முன்னால் வாத்தியார் சொன்ன விலைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. "வெள்ளிக்கிழமை உங்கூர்க் கோயில்ல கவுளி கேட்டுப்போட்டு, அங்கயே அச்சாரம் குடுத்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பக்கத்தில் யாரும் கவுளி கேட்காமல் வீடு வாங்க மாட்டார்கள். பெண் எடுப்பதாக இருந்தாலும், கிணறு வெட்டுவதாக இருந்தாலும் அதே முறைதான். விடிந்த கையோடு அம்மன் முன்னால் சூடம் ஏற்றிவிட்டு, எல்லாரும் பேசாமல் உட்கார வேண்டும். பல்லி வலப்பக்கம் சொன்னால் அம்மன் உத்தரவு கொடுத்தாகிவிட்டது. இடப்பக்கம் சொன்னாலும், சூடம் அணைகிறவரை சொல்லாமலே இருந்தாலும் உத்தரவு இல்லை. ஒரு காரியத்துக்கு ஒருமுறைதான் கேட்கலாம். சந்தேகம் வந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வதுதான் முடிவு. விற்கிறவள் வார்த்தை செல்லாது. அவளுக்குக் கேட்காதது கேட்கும் அல்லவா?

பெரியவர் என்று தம்பிதுரைதான் வந்தான். கோயில் தர்மகர்த்தா அவன்.

அன்று காற்றே இல்லை. அது புரட்டாசியில் எப்போதாவது வருகிற, இலை அசையாத காலை. கோயில் வாசலிலிருந்து பார்த்தால் காத்தாடி மூன்று கைகளையும் விரித்துக்கொண்டு சும்மா நின்றது. ராமாமணி அதைப் பார்த்து, நல்ல சகுனம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பண்டாரம் சூடம் ஏற்றினார். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

சூடம் பாதி எரிந்திருக்கும். வலப்பக்கம், விளக்கு மாடத்துக்கு மேலே, "ட்சு ட்சு ட்சு" என்று கவுளி சொன்னது. தெளிவாக, மூன்றுதரம். ராமாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பிதுரையின் தலை வலப்பக்கம் திரும்பி, பிறகு பழையபடி நேரானது.

நஞ்சுண்டன் அம்மனையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சூடம் அணைந்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

"சொல்லலீங்களே" என்றார்.

"சொல்லுச்சுங்க! வலப்பக்கம், மாடத்துக்கு மேல!" என்றாள் ராமாமணி.

நஞ்சுண்டன் அவளைப் பாவமாகப் பார்த்தார். பிறகு தம்பிதுரையிடம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க. கேட்டுச்சுங்களா?"

தம்பிதுரை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "எனக்கொண்ணும் கேக்கலீங்க. அந்தக் காத்தாடிச் சத்தத்துல கவுளி சொன்னாத்தான் என்ன, சொல்லாட்டித்தான் என்ன?"

"காத்தாடி நின்னுட்டிருக்குதே தம்பி!" என்றாள் ராமாமணி. அவள் குரல் கோயிலுக்குள் எதிரொலித்தது. பண்டாரம் தட்டைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டார். காளியாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். நஞ்சுண்டன், "ஆத்தா உத்தரவு இல்லாம நான் ஒரு குச்சியக்கூட வாங்கமாட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

கார் போன பிறகும் காத்தாடி சுற்றவில்லை. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அத்தனை பேரும் வீட்டுக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க, "காத்தாடிச் சத்தத்துல அம்மன் வாக்கே கேக்கறதில்லையாம்" என்றாகிவிட்டது. இனி வெளியூரான் எவனும் வரமாட்டான் என்பது ராமாமணிக்குத் தெரிந்துபோனது.

இரண்டு நாள் கழித்துத் தம்பிதுரை வீட்டுக்கு வந்தான். அண்ணன் மனைவியை அவன் எப்போதும் நங்கையா என்றுதான் கூப்பிடுவான். மரியாதையில் ஒரு குறை வைக்கமாட்டான்.

"நங்கையா, அண்ணன் கட்டுன ஊடு. அன்னியன் கைக்குப் போறதுக்கு நானே எடுத்துக்கறனுங்க. என்னமோ என்னால ஆனது" என்று ஒரு விலை சொன்னான்.

அது நஞ்சுண்டன் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு.

"இதுல ஒரு ரூமுகூட வராதே தம்பி."

"காத்தாடிக்குப் பக்கத்துல அதுக்கு மேல ஆரு குடுப்பாங்க? நீங்களே சொல்லுங்க. நான் உங்களுக்காகத்தான்..."

"காத்தாடிக்கு எடம் வித்தது நீங்க."

"அது வேற, இது வேறங்க நங்கையா" என்றான் தம்பிதுரை, குழந்தைக்குச் சொல்வது போல.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை தனபால் வந்தான். காத்தாடிக் கம்பெனியின் சூபர்வைசர், கோயமுத்தூர்ப் பையன். எப்போதும் சிரித்த முகம். வாசலில் நின்று மாடியைப் பார்த்தான்.

"அக்கா, மேல ரூமுல எத்தனை கட்டில் போடலாமுங்க? அஞ்சு போடலாமா?"

"எதுக்குங்க தம்பி?"

"எங்க ஆளுகளுக்குத்தானுங்க. அஞ்சு பேரு பல்லடத்துல இருந்து வந்துட்டுப் போறாங்க. இந்த ஊட்டை எங்களுக்கு வாடகைக்கு உடறதுக்குத் தம்பிதுரைக் கவுண்டர் போன மாசமே அட்வான்ஸ் வாங்கிட்டாருங்களே. நீங்க எப்ப காலி பண்றீங்கன்னு..." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் நிறுத்திக்கொண்டான். "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

போன மாசம். கவுளி கேட்டது போன வெள்ளிக்கிழமை.

ராமாமணி வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். காரணம்பேட்டையில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். சோமனூரில் யாரைக் கேட்டாலும் நஞ்சுண்டன் வீட்டைக் காட்டினார்கள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவர் வீட்டில் அது இடிபோல இருந்தது. நஞ்சுண்டன் பாவு நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"கவுளி சொல்லுச்சுங்க!" என்று கத்தினாள். "என்ற கொழுந்தன் பொய் சொல்லிப்போட்டான்!"

"ஆமாங்க, காத்தால பஸ்ஸுல கூட்டந்தான்" என்றார் நஞ்சுண்டன் அன்பாக. "காப்பி குடிச்சுட்டுப் போங்க."

ராமாமணி சொன்னதையே மறுபடியும் கத்தினாள். காளியாத்தாள் வந்து அவள் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். அங்கே சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது. காளியாத்தாள் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து முந்தானையை முறுக்கினாள்.

"அவருக்குக் காது போயி மூணு வருசமாச்சுங்க. தறிதான் காரணம். அவரு ஒத்துக்கவே மாட்டாரு. எல்லாரும் முனகிப் பேசறாங்கம்பாரு."

"அப்ப உங்களுக்கு?"

காளியாத்தாள் தறிச் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "கேட்டுச்சுங்க. மாடத்துக்கு மேல. மூணுதரம்."

"கேட்டுமா சும்மா இருந்தீங்க?"

"நான் என்ன பண்ணட்டுமுங்க? அவரு கேக்கலீன்னு சொல்லிப்போட்டாரு. அப்புறம் நான் கேட்டுச்சுன்னா, என்ற புருஷன் செவிடுன்னு அத்தனை பேர் முன்னால நானே சொன்ன மாதிரி. பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கறோம். ஒரு சொல்லு வெளிய போனா எங்கெங்க போகும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? உங்க கொழுந்தனாரு கேட்டுச்சுன்னு சொல்லியிருந்தா அவரு அப்பவே ஒத்துட்டிருப்பாரு. நான் உங்க கொழுந்தனாரு வாயைத்தான் பாத்துட்டு இருந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து மங்கலம் ரோட்டுல ஒரு எடத்துக்கு அச்சாரம் குடுத்துப்போட்டாருங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

ராமாமணிக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. திட்ட முடியவில்லையே என்பதும் சேர்ந்து எரிந்தது. ஒருத்தி புருஷனின் மானத்தைக் காப்பாற்றினாள். பண்டாரம் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்தவர்களைக் காப்பாற்றினார். தம்பிதுரை தன் வாடகையைக் காப்பாற்றினான். எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. போனது அவள் வீடு.

ஊருக்குத் திரும்பியதும் நேராகத் தம்பிதுரை வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் புல்லட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க நங்கையா. அக்ரிமெண்டு எழுதிப்போடலாங்களா?"

"தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்குக் கவுளி சொன்னது உங்க காதுல உழுந்துச்சா, இல்லையா?"

அவன் துணியை உதறி மடித்தான். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான். "உழுந்துச்சு. அதுக்கென்ன இப்ப? வெளியாளு வந்து தறிக்கொட்டாய் போட்டா நாளைக்கு நம்ம தடத்துலதான் லாரி உடுவான். ஒரு நல்லது கெட்டது பாக்கோணுமில்ல?"

"செல்லாண்டியாத்தா முன்னால நின்னு சொன்ன பொய்யி அது."

"ஆத்தாளுக்குச் சுத்துச்சுவரு வந்ததே என்னாலதான். அவ கோச்சுக்கமாட்டா" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் ராமாமணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஊடு உங்களுக்கு இல்ல" என்றாள்.

"அப்ப ஆருக்குங்க? காத்தாடிக்காரனே வந்து வாங்குவானா?"

அவள் மேட்டுக்காட்டுப் பக்கம் நடந்தாள். காத்தாடி வந்து இரண்டு வருஷத்தில் அந்தக் கம்பிவேலியைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. அடியில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஆபீஸ். தனபால் அவளைப் பார்த்து எழுந்தான்.

"தம்பி, ஊடு என்றது. பத்திரமும் என்ற பேருல. வாடகை என்கிட்டப் பேசுங்க. கவுண்டருக்குக் குடுத்த அட்வான்ஸை அவருகிட்டயே வாங்கிக்கோங்க."

தனபால் சங்கடமாக நெளிந்தான். பிறகு வாடகை எவ்வளவு என்று கேட்டான். பல்லடத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு என்ன வாடகையோ அதைச் சொன்னாள்.

"அக்கா, நெம்ப எச்சாச் சொல்றீங்க" என்றான் அவன். சிரித்த முகம் மாறவே இல்லை. "காத்தாடிக்கு அடியில இருக்கற ஊடு. இந்தச் சத்தத்துக்கு வேற ஆருங்க குடி வருவாங்க? அதைக் கழிச்சுத்தானுங்க பேசோணும்."

வெளியே சாயங்காலக் காற்று எழும்பி, இறக்கைகள் முனக ஆரம்பித்திருந்தன. ராமாமணி அவனையே பார்த்தாள்.

"சத்தம் ஆரோடதுங்க தம்பி?"

"எங்களுதுதானுங்க."

"உங்க சத்தத்தை என்ற வாடகையில ஏனுங்க கழிக்கறீங்க? உங்க முதலாளி வரியிலயும் கழிச்சுக்குவாரு, என்ற ஊட்டுலயும் கழிச்சுக்குவாராக்கும்? அதை நிறுத்திப்போட்டு வாங்க, கொறைச்சுப் பேசலாம். நிறுத்த மாட்டீங்கன்னா நான் சொன்னதுதான் வாடகை. இல்லீன்னா உங்காளுக பல்லடத்துல இருந்தே வந்துட்டுப் போகட்டும்."

உட்காரச் சொல்லாத நாற்காலியில் அவள் உட்கார்ந்துகொண்டாள். தனபால் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினான். பிறகு கோயமுத்தூருக்குப் போன் போட்டான். முதுகைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் பேசினான். போனை வைத்துவிட்டு, "செரிங்க அக்கா" என்றான்.

பத்து நாளில் ராமாமணி வீட்டை ஒழித்தாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மட்டும் துணிப்பையோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில் லோகப்பிரியா பார்த்து வைத்திருந்தது வாடகை வீடு. ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டும். வீட்டை விற்றிருந்தால் சொந்த வீட்டுக்குப் போயிருப்பாள்.

பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு முத்தாத்தாள் நின்றிருந்தாள். நல்ல மனசுக்காரி, துக்க வீட்டிலும் நல்லது தேடிச் சொல்லுகிறவள்.

"எப்படியோ நல்லதாப் போச்சு ராமாமணி. எந்தக் காத்தாடியைத் திட்டுனியோ அந்தக் காத்தாடியாலதான் உனக்கு மாசாமாசம் வாடகை வருது பாரு. இல்லாட்டி இந்தப் பட்டிக்காட்டுல ஆரு இத்தனை குடுப்பா?"

ராமாமணி பையைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா நல்லதாப் போச்சு? விக்கற ஊட்டை விக்க முடியாமப் பண்ணிப்போட்டாங்க. ரெண்டு வருசம் நான் கண்ணு மூடல. சாமி சொன்னதையே சொல்லலீன்னு ஆக்கிப்போட்டாங்க. நான் போயி மல்லுக்கு நின்னு என்ற ஊட்டு வாடகைய வாங்குனேன். அதையும் காத்தாடி குடுத்ததுங்கறீங்களா?"

"அட, நான் என்ன சொல்லிப்போட்டேன்னு இத்தனை கோவம்?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்கம்மா, நேரமாச்சு" என்று விசிலை வாயில் வைத்தார். ராமாமணி அவர் பக்கம் கையைக் காட்டி, இருக்கச் சொன்னாள்.

"சித்தெ இருங்க" என்றாள். "இன்னும் சொல்லி முடிக்கல."